காரணம்: மச்சான்

பிளம்பரின் வயிற்றைக் கெடுத்தது அவருடைய மச்சான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டு, தன் கையால் சமைத்த கறியைப் போட்டு.

அன்று பிடித்தது ஏப்பம், எரிச்சல், உப்புசம். யார் வீட்டுக் குழாயில் அடைப்பு என்றாலும் பத்து நிமிஷத்தில் எடுத்துவிடுவார். சொந்த வயிற்றில்தான் அவர் பாச்சா பலிக்கவில்லை.

இப்போது ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பதும் குணமாவதற்கு அல்ல, ஒரு சீட்டுக்கு. மகள் வேலைக்காக வெளிநாடு போகிறாள். ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டில் வழியனுப்பு விருந்து. 'வெளியில் சாப்பிடக் கூடாது' என்று டாக்டர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் தப்பித்துவிடலாம்.

கூட வந்திருந்த மனைவிக்கோ அண்ணன் வீட்டில் ஒரு வேளை கை நனைக்க ஆசை. இவர் மிதிக்காத வாசலை அவளும் இத்தனை வருஷமாக மிதிக்கவில்லை.

டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"ஐயா, உங்க வியாதிக்கு என்ன காரணம்னு நினைக்கிறீங்க?"

"மச்சான்."

"சாப்பிட்ட பொருளைக் கேட்டேன்யா."

"நான் ஆளைச் சொல்றேன். இவளோட அண்ணன்."

நர்ஸ் எழுதிக்கொண்டார். "இது இன்னும் எவ்வளவு நாள் இருக்கும்னு நினைக்கிறீங்க?"

"அவன் இருக்கிற வரைக்கும். ஆளு கல்லு மாதிரி இருக்கான்."

"வயித்துக்குள்ள என்ன கோளாறு?"

பிளம்பர் நிமிர்ந்தார். அவர் தொழிலாச்சே! "வால்வு போச்சு. வாஷர் தேஞ்சு, கீழே போறது மேல வருது."

"கேமரா விட்டுப் பார்த்ததுல எல்லாம் நல்லா இருக்குன்னு வந்திருக்கே?"

"எல்லா லீக்கும் கண்ணுக்குத் தெரியாது சிஸ்டர்."

"தினசரி வாழ்க்கையை எவ்வளவு பாதிக்குது? பத்துக்கு எத்தனை?"

"பத்து. இடமிருந்தா பதினொண்ணு போடுங்க. மூணு வேளையும் அவிச்ச காய். ஒரு விசேஷம் உண்டா, ஒரு பந்தி உண்டா?"

"எனக்கும் அதே அவிச்ச காய்தான்" என்றாள் மனைவி. "தனியா தாளிச்சா அந்த வாசனையே இவருக்கு ஆகாது."

நர்ஸ் பேனாவை நிறுத்தினார். "உங்களுக்கு எத்தனைம்மா போடலாம்?"

மனைவி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "முதல்ல அந்தக் காரணத்தை அடிச்சிடுங்க சிஸ்டர். அன்னிக்குக் கறி சமைச்சது நான். அண்ணன் இல்ல."

பிளம்பருக்கு வந்த ஏப்பம் பாதியில் நின்றது.

"பின்னே ஏன் அவன் 'நான்தான் சமைச்சேன்'னு சொன்னான்?"

"அப்பெல்லாம் நீங்க தட்டைத் தூக்கி வீசுவீங்க, மறந்துட்டீங்களா? 'ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு நீ அவர் கோவத்தைத் தாங்க மாட்டே, நான் வாங்கிக்கறேன்'னுட்டான்."

மச்சானை இத்தனை வருஷம் திட்டிய திட்டெல்லாம் பிளம்பருக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. அத்தனையும் இவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது.

"அப்போ காரணம்கிற இடத்துல இவங்களை எழுதிடவா ஐயா?" என்றார் நர்ஸ்.

மனைவி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வேணாம் சிஸ்டர். மச்சான்னே இருக்கட்டும்" என்று எழுந்தார் பிளம்பர். "நீ எழுந்திரு."

"டாக்டரைப் பார்க்கலையா? சீட்டு?" என்றாள் மனைவி.

"சீட்டு எதுக்கு? ஞாயித்துக்கிழமை போறோம்."

அவளால் தன் காதையே நம்ப முடியவில்லை. "அண்ணன் மேல இருந்த கோவம் போயிடுச்சாங்க?"

"எப்படிப் போகும்? பத்தொன்பது வருஷமா என்கிட்ட பொய் சொல்லியிருக்கான். அதுக்காவது மன்னிப்பு கேக்கறானான்னு, எதிர்ல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே பார்க்கிறேன்!"