ஐந்து மணி வண்டி

"சார், உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?"

மாடி வீட்டு டீச்சர் கார் ஷெட் வாசலில் நின்று கத்தினாள். கத்தினால்தான் கேட்கும். உள்ளே பழைய பிக்கப் வண்டி ஒன்று திக்கித் திணறிப் புகை கக்கிக்கொண்டிருந்தது.

கீழ் வீட்டுக்காரர் பானட்டுக்குள்ளிருந்து தலையை எடுத்தார். டியூஷன் பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'டுர்ர் மாமா'.

"கொஞ்சம் மிஸ் அடிக்குது டீச்சர். இப்ப சரியாயிடும்."

"நான் குடிவந்து நாலு மாசம் ஆச்சு. தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு இதையேதான் சொல்றீங்க. என் பிள்ளைங்களுக்குப் பத்து நாள்ல பரீட்சை!"

மாமா தலையைச் சாய்த்து நின்றார், யாரோ கூப்பிடப் போகிற மாதிரி.

டொக். பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து ஒரு தட்டு.

"கேட்டீங்களா? படுத்த படுக்கையா இருக்கிற மனுஷன். பேச்சும் போயிடுச்சு. வாயால திட்ட முடியாம சுவத்துல இடிக்கிறார். அவருக்காகவாவது இரக்கப்படக் கூடாதா?"

மாமா அசட்டுச் சிரிப்பு ஒன்றைச் சிரித்துவிட்டு மறுபடி பானட்டுக்குள் போய்விட்டார்.

டீச்சருக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. வண்டியின் உடம்பை மனிதர் இழைத்து இழைத்துச் செய்திருந்தார். துருவைச் சுரண்டி, ஓட்டைகளை அடைத்து, வெளிர் நீலத்தில் பெயின்ட். பின்பக்கம் புதுப் பலகை. சாயங்கால வெயில் அதன்மேல் விழுந்தால், கோபத்தோடு வந்தவளுக்கும் ஏறி உட்கார்ந்து எங்காவது போய்விடலாமா என்றிருக்கும். இத்தனை கைவேலை தெரிந்தவருக்கு இன்ஜின் மட்டும் எப்படிப் பிடிபடாமல் போகும்?

அவள் மாடி ஏறுவதற்குள் சுவரில் மூன்று தட்டு கேட்டது. வண்டி ஒரு நிமிடம் சீராக மூச்சுவிட்டு, நின்றது. தன் அதட்டலுக்கு இவ்வளவு மரியாதையா என்று அவளுக்கே ஆச்சரியம். ஆனாலும் ஏமாறவில்லை. இன்று அடங்கும், நாளைக்கு மறுபடி ஆரம்பிக்கும்.

மறுநாள் வீட்டு ஓனருக்கு ஒரு கடிதம் எழுதினாள். 'வண்டியை உடனே அப்புறப்படுத்த வேண்டும்.' எல்லா வீட்டிலும் கையெழுத்து வாங்கியாயிற்று. முக்கியமான கையெழுத்துதான் பாக்கி. நாலரை மணிக்குப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

சுவரை ஒட்டிய கட்டிலில் அவர் சாய்ந்திருந்தார். முகம் கழுவி, தலை வாரி, வேலைக்குக் கிளம்புகிறவர் மாதிரி இருந்தார். அசைகிற இடது கையில் ஒரு சின்ன ஸ்பேனர்.

கடிதத்தைப் படித்த அவர் மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, வேண்டாம் டீச்சர்! வண்டியை எடுத்துட்டா இவர் என்ன பண்ணுவார்?"

"அந்தச் சத்தம் தாங்காமதானே சுவத்துல இடிக்கிறார்?"

"கோவத்துல இடிக்கல டீச்சர். வேலை பார்க்கிறார்."

டீச்சர் திருதிருவென்று முழித்தாள்.

"அது இவர் இருபது வருஷம் ஓட்டின வண்டி. இவர் படுக்கையில விழுந்த பிறகு மழையில கிடந்து மக்கிப்போச்சு. உங்க கீழ் வீட்டு அண்ணன்தான் தள்ளிக்கிட்டுப் போய் ஷெட்டுல வெச்சார். பாவம், அவருக்கு இன்ஜின் பத்தி ஒண்ணுமே தெரியாது. இவர் சத்தத்தைக் கேட்டே சொல்லிடுவார். ஒரு தட்டு தட்டினா ஸ்க்ரூவை முறுக்கணும். ரெண்டு தட்டினா தளர்த்தணும். மூணு தட்டினா சரியாயிடுச்சு."

'அந்த ஆளுக்கு இது சுட்டுப்போட்டாலும் வராது' என்பது போலக் கட்டிலில் இருந்தவரின் கண்கள் சிரித்தன.

"சரியானதும் அண்ணன் கொஞ்ச நேரம் ஓடவிடுவார். இவர் கண்ணை மூடிக்குவார். இடது கை தானா கியர் போடும். இப்ப மேடு ஏறுறார், இப்ப வளைவுல திரும்புறார்னு முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரியும். நானும் பக்கத்துல உட்கார்ந்துக்குவேன். ரெண்டு பேரும் எங்கெங்கேயோ போயிட்டு வருவோம்."

பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"நேத்துதான் என்னமோ, அஞ்சே நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சு வண்டியும் நின்னுபோச்சு. இவர் முகம் அப்படியே வாடிப்போச்சு."

டீச்சர் கடிதத்தை நாலாக மடித்துக்கொண்டு எழுந்தாள். நேராக ஷெட்டுக்குப் போனாள்.

ஷெட்டில் வண்டி இன்னும் கிளம்பவில்லை. மாமா குனிந்து, கார்புரேட்டரில் இருந்த ஸ்க்ரூவை மெதுவாகத் தளர்த்திக்கொண்டிருந்தார்.

"சார், நேத்துதானே அது சரியாச்சு?"

மாமா துள்ளி விழுந்தார். சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தார்.

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க டீச்சர். இருபத்தெட்டு வருஷம் வொர்க்‌ஷாப்ல இன்ஜின் ட்யூன் பண்றதுதான் என் வேலை. இந்த வண்டி முதல் வாரமே சரியாயிடுச்சு."

"பின்ன ஏன் சார் தினமும்…?"

"சரியாவே இருந்தா, அஞ்சு மணிக்கு அவருக்கு என்ன வேலை இருக்கு?"

டீச்சர் கையில் மடித்து வைத்திருந்த கடிதத்தைப் பார்த்தாள்.

"பரீட்சைன்னு சொன்னீங்களே. அதான் இன்னிக்கும் லேசாத் தளர்த்தியிருக்கேன். சீக்கிரம் முடிச்சுடறேன்."

கையில் அப்பியிருந்த எண்ணெயைத் துடைக்க அவர் எதையோ தேடினார். டீச்சர் அந்தக் கடிதத்தை நீட்டினாள்.

"இதுல துடைச்சுக்குங்க சார். டியூஷனை ஆறரை மணிக்கு மாத்திட்டேன். நீங்க இன்னும் அரைச் சுத்து லூஸ் பண்ணுங்க."