முதுகு காட்டிய நாற்பது ஃப்ரேம்கள்

"என்ன மேடம், எல்லாத்தையும் திருப்பி மாட்டி வச்சிருக்கீங்க?"

நிருபர் கேட்டதில் தப்பே இல்லை. கண்காட்சிக் கூடத்தில் நாற்பது ஃப்ரேம். நாற்பதும் சுவரைப் பார்த்திருந்தன. வந்தவர்களுக்குத் தெரிந்தது பின்பக்க அட்டையும் ஆணியும்தான். ஒவ்வொன்றின் கீழும் ஒரு ஹெட்போன். மாட்டிக்கொண்டால், அந்தத் தாளில் ஒருவர் எழுதிய சத்தம் கேட்கும். சரக், சரக்கென்று கோடு. டொக்கென்று புள்ளி.

மேஜைக்கடியில் மைக் வைத்து, நாற்பது பேரை எழுதச் சொல்லி ஓவியர் பதிவு செய்த சத்தம் அது. அழைப்பிதழில் 'பாருங்கள், கேளுங்கள்' என்றுதான் போட்டிருந்தார்.

"கேட்டா போதும்னு தோணிச்சு" என்றார் இப்போது.

முத்து முத்தாக எழுதிக் கொடுத்த ஒரு டீச்சர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். கூடத்தின் சொந்தக்காரர், "அடுத்த வருஷம் வேற இடம் பாத்துக்கங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஓவியருக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் ஒன்றையும் திருப்பவில்லை.

நிருபர் 'தலைக்கனம்' என்று குறித்துக்கொண்டார்.

அப்போதுதான், எழுதிக் கொடுத்த நாற்பது பேரில் ஒருவரான கட்டட மேஸ்திரி வந்தார். வந்தார் என்ன, புது மாப்பிள்ளை இழுத்துக்கொண்டு வந்தார். அழைப்பிதழில் எழுதியவர்கள் பட்டியலில் மாமனார் பெயரைப் பார்த்ததிலிருந்து மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை.

"மாமா, உங்க எழுத்தை நான் பாத்ததே இல்லையே! எது உங்களது?"

"அது எதுக்கு மாப்ள... வாங்க, போலாம்."

"பத்தொன்பது" என்றார் ஓவியர். "காதுல மாட்டிக் கேளுங்க."

மாப்பிள்ளை கேட்டார். "அடேங்கப்பா! நிறுத்தாம எழுதித் தள்ளியிருக்கீங்களே மாமா! பரீட்சையிலகூட நான் இப்படி எழுதினதில்ல!"

மேஸ்திரி கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளை ஆசையாக ஃப்ரேமைத் திருப்பக் கை நீட்டினார்.

"தொடாதீங்க! யாருக்கும் காட்டறதில்ல!" ஓவியர் போட்ட அதட்டலில் கூடமே திரும்பிப் பார்த்தது.

"பெரிய இவங்க" என்று முணுமுணுத்தபடி மாப்பிள்ளை மாமனாரைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார்.

நிருபருக்குப் பொறுக்கவில்லை. "பின்னாடி வெறும் தாள்தானே? ஏமாத்து வேலைன்னு நாளைக்குப் போடப்போறேன்."

ஓவியர் வாசலையே பார்த்திருந்தார். இருவரும் படியிறங்கித் தெருவில் மறைந்த பிறகு, நிருபருக்கு மட்டும் தெரியும்படி பத்தொன்பதைத் திருப்பினார்.

மேலிருந்து கீழ்வரை, கோணல்மாணலாக, மேஸ்திரியின் பெயர். அது மட்டும்தான். இருபத்தாறு தடவை.

"அவருக்கு அது ஒண்ணுதான் எழுதத் தெரியும் சார். கூட வேலை பாக்கறவங்க எதிர்ல முடியாதுன்னு சொல்லக் கூச்சப்பட்டு எழுதிட்டாரு. சத்தத்தைக் கேட்டா யாருக்கும் தெரியாது."

"அப்போ இதை மட்டும் திருப்பி மாட்டியிருக்கலாமே? எதுக்கு நாற்பதையும்?"

"இதை மட்டும் திருப்பி மாட்டினா, ஏன்னு கேப்பாங்களே சார்."