ஒரே கொடிக்கம்பம்

ஐரோப்பாவில் பணமுடை வந்ததும் அங்குள்ள மூன்று நாடுகள் சேர்ந்து இங்கே தலைநகரில் ஒரே தூதரகத்தில் குடியேறின. மூன்றுக்கும் ஒரே அதிகாரி, ஒரே மேசை, ஒரே கொடிக்கம்பம். காலையில் ஒரு கொடி, பத்தரைக்கு இன்னொன்று, இரண்டு மணிக்கு மூன்றாவது என்று ஏற்றி இறக்குவது சவுந்தரநாயகத்தின் வேலை. கொடி மாறியதும் உள்ளே அதிகாரி மேசைமேல் இருக்கும் பெயர்ப்பலகையை மாற்றிக்கொள்வார்.

அன்று யோகமலர் விடியவே வந்து நின்றாள். இராணுவம் பிடித்துக்கொண்டு போன மகனைப் பற்றி விசாரிக்கச் சொல்லி, அவன் படத்தை ஒட்டி மனு எழுதியிருந்தாள். முதல் நாடு இப்போது வியாபாரம் மட்டுமே பேசுகிறது என்றார் அதிகாரி. பத்தரைக்கு அதே மனுவைப் புதிதாகப் பார்ப்பவர்போல வாசித்து, இரண்டாம் நாடு ஆழ்ந்த கவலை கொள்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். மூன்றாம் நாடு, மற்ற இரண்டும் சம்மதித்தால் கடிதம் எழுதுமாம்.

ஐந்து மணிக்குக் கடைசிக் கொடியும் இறங்கியது.

"இப்ப எந்த நாட்டின்ர நேரம், அண்ணை?" என்று சவுந்தரநாயகத்திடம் கேட்டாள்.

"ஒரு நாட்டின்ரயும் இல்லை, தங்கச்சி. கம்பம் சும்மா நிக்குது."

"அப்ப இது உங்கட நேரம்தானே" என்று மனுவை நீட்டினாள்.

சவுந்தரநாயகம் வாங்கினார். என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. இருபது வருஷம் கொடி மடித்த கைப்பழக்கம். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, படம் உள்ளே போகும்படி நான்காக மடித்து, கொடிகளோடு பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

"நாளைக்கு இதை எத்தினை மணிக்கு ஏத்துவியள்?" என்றாள் யோகமலர்.