ஈஸ்டருக்கு வாங்கிய அல்வா

"பெட்டிச் சாவியைக் குடுங்க. இல்லேன்னா கையை வெட்டிப்புடுவேன்!" ஜாய்ஸ் அரிவாளை ஓங்கினாள்.

"தவக்காலத்துல அல்வா கேக்குதா உனக்கு? அது ஈஸ்டருக்கு வாங்குனதுடி," என்றான் கட்டிலில் சாய்ந்திருந்த கணவன் அருள்பிரகாஷ்.

"அதுவரைக்கும் பொறுக்க முடியாது. இப்பவே வேணும்."

அவன் சாவியை வாய்க்குள் போட்டுக்கொண்டான். அவள் விரலை விட்டுத் தோண்டினாள், அவன் கடித்தான். அரிவாள் பிடியால் தாடையில் ஓங்கி இடித்ததும், ரத்தத்தோடு சாவி விழுந்தது.

கட்டிலடிப் பெட்டியைத் திறந்து, கொல்லைக்கு ஓடி, ஒரு கிலோ அல்வாவையும் எருக்குழியில் கொட்டினாள்.

"சுகர் ஒரு காலை வாங்கிடுச்சு. இருக்குற காலாவது மிஞ்சட்டும்!"

அருள்பிரகாஷ் கட்டிலிலிருந்து உருண்டு, தவழ்ந்தே கொல்லைக்கு வந்தான். அவள் தடுப்பதற்குள், எருவோடு சேர்த்து அல்வாவை அள்ளி வாயில் திணித்துக்கொண்டான்.