கட்டுப் போடும் அறை

"பழைய நர்ஸை நிறுத்திட்டேன். அந்தம்மா கட்டுப் போட்டவங்க நாலு தடவைக்கு மேல இந்தப் பக்கமே வர்றதில்ல" என்றார் டாக்டர் மாதவன்.

லால்குடியிலிருந்து வந்திருந்த ராசப்பனுக்கு அப்பாடா என்றிருந்தது. மண்வெட்டி பட்டுக் கால் விரலில் புண். சர்க்கரை வேறு. இந்த நிலைமையில் கைராசி இல்லாத ஆளிடம் காலைக் கொடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

ஸ்ரீரங்கத்தில் டாக்டருக்கு இப்போது தனி மவுசு. முன்பெல்லாம் புண் என்றால் சீட்டு எழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். போன வருடம் ஏதோ ஓட்டலில் டாக்டர்களுக்கு ஒரு கூட்டமாம். புண்ணை வெளியே அனுப்புவதும் வருமானத்தை வெளியே அனுப்புவதும் ஒன்றுதான் என்று அங்கே படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

வந்த கையோடு கிளினிக் மாடியில் ஏசி வைத்து, கட்டுப் போட ஓர் அறை கட்டிவிட்டார். ஜனங்கள் அலையக் கூடாதே என்ற நல்ல மனசுதான். காலில் புண்ணோடு படியேற வேண்டும், அவ்வளவே.

புது நர்ஸ் பதவிசாகப் பேசினாள். வாரத்துக்கு இரண்டு கட்டு. நடவு வேலையை விட்டுவிட்டு ராசப்பன் பஸ் ஏறி வந்து போனார். ஒன்றரை மாதமாகியும் புண் ஆறவில்லை. பக்கத்து விரலுக்கும் பரவியது.

"புண்ணு ஆறணும்னா பொறுமை வேணும் ராசப்பா" என்றார் டாக்டர்.

விரலை எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் ராசப்பனுக்குத் தூக்கம் போயிற்று. மனைவி பொன்னுத்தாய்க்குப் பொறுமையே போய்விட்டது. இனி ராசி பார்த்து என்ன ஆகப்போகிறது, அந்தப் பழைய நர்ஸிடமே ஒரு தடவை காட்டிப் பார்ப்போம் என்று வீட்டை விசாரித்து, பாலக்கரைக்குக் கணவரை இழுத்துப் போனாள்.

பழைய நர்ஸ் வியாகுலம்மாள் வீட்டு வாசலில் ஒரு கார் நின்றது. உள்ளே டாக்டர் மாதவன், ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். புது ஷூ கடித்துப் புண்ணாம். அவருக்கும் சர்க்கரை. வியாகுலம்மாள் குனிந்து, அந்தப் புண்ணை நிதானமாகச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

ராசப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"அங்க ஏசி ரூம் இருக்கையில, நீங்க எதுக்கு டாக்டர் இங்க வந்திருக்கீங்க?"

டாக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எனக்குச் சீக்கிரம் ஆறணுமேப்பா."