மூன்றாம் அழைப்பு

சட்டத்துறையின் உயரிய விருதைப் பெற ஓய்வுபெற்ற நீதிபதி தணிகாசலத்தை மேடைக்கு அழைத்தார்கள். அவர் எழவில்லை. இரண்டாம் முறையும் அழைத்தார்கள். அவர் பார்வை வாசல் கதவிலேயே இருந்தது. செருப்புக்குள் கால்விரல்கள் நெளிந்துகொண்டிருந்தன.

“ஐயா, உங்களத்தான் கூப்பிடுறாங்க” என்றார் பக்கத்தில் இருந்த சவரிமுத்து. அவருடைய கோர்ட்டில் பெயர் கூவி அழைத்த டவாலி.

முப்பது வருடங்களுக்கு முன்பு, மூன்று முறை கூப்பிட்டும் வரவில்லை என்று ராக்காயியின் நிலவழக்கைத் தணிகாசலம் தள்ளுபடி செய்தார். எழுதி முடித்து நிமிர்ந்தபோது, கதவருகே அவள் மூச்சிரைக்க நின்றாள்.

“அன்னைக்கு ராக்காயிய மூணு தடவ கூப்பிட்டியா?”

சவரிமுத்து தலை குனிந்துகொண்டார். “ரெண்டு தடவதாங்கய்யா. தொண்ட கட்டியிருந்துச்சு.”

மேடையிலிருந்து தணிகாசலத்தை மூன்றாம் முறை அழைத்தார்கள்.