கம்பெனியின் உள்நோக்கம்

“இதுல கம்பெனிக்கு ஏதோ உள்நோக்கம் இருக்குங்க” என்றார் பெண்ணின் அப்பா மரியசெல்வம். மகனுக்குப் பெண் பார்க்க வந்திருந்த மிக்கேல்ராஜ், வாய்க்குக் கொண்டுபோன முறுக்கைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

அவர் மனைவி சகாயசெல்வி முழங்கையால் அவரை இடித்தாள். மகன் டோனிக்குக் கூடிவந்த இரண்டு சம்பந்தங்கள் இந்த மனிதர் வாயாலேயே கலைந்திருந்தன. ஒன்று சட்டமன்றத் தேர்தலால், மற்றது மாதா கோயில் பங்குப் பேரவைத் தேர்தலால்.

அதனால் திண்டுக்கல்லில் கார் ஏறும்போதே சத்தியம் வாங்கியிருந்தாள். அரசியல் கிடையாது, கோயில் விவகாரம் கிடையாது, கிரிக்கெட் கிடையாது. செல்போன் கம்பெனியைச் சேர்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

“வழி சுலபமாக் கெடச்சுச்சா?” என்று மரியசெல்வம் கேட்டதே மரியாதைக்குத்தான். டோனி தன் புதுப் போனை எடுத்துக் காட்டினான். அவன் வழக்கமாகப் பார்க்கும் மேப் வேறொரு கம்பெனியுடையது. அதை இந்தப் போன் உள்ளே விடவில்லை. ‘உங்கள் பாதுகாப்புக்காகத் தடுக்கப்பட்டுள்ளது’ என்று வந்தது.

போன் கம்பெனியின் சொந்த மேப்தான் அவர்களைச் செம்பட்டியில் நேரே விடாமல், ஆத்தூர் அணைவரை கூட்டிப்போய்த் திருப்பி, வத்தலக்குண்டில் இந்த வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது. வாசலில் புது வேட்டியோடு நின்ற மரியசெல்வம் கைகூப்பி வரவேற்றார். போட்டோ பார்த்துத் தட்டிப்போனது போதும், நேரிலேயே பாருங்கள் என்று தரகர் சொல்லியிருந்ததால், யார் முகமும் யாருக்கும் தெரியாது.

“லேட்டாயிருச்சு, தப்பா நெனைக்காதீக” என்றாள் சகாயசெல்வி.

“அதெல்லாம் இல்லக்கா. நீங்க வர இன்னும் செத்த நேரம் ஆகும்னுல நெனச்சோம். இப்பத்தான் கேசரியே கிண்டுறேன்” என்றாள் பெண்ணின் அம்மா. என்ன பெருந்தன்மை என்று சகாயசெல்வி நினைத்துக்கொண்டாள்.

இப்போது மிக்கேல்ராஜ் தொண்டையைச் செருமினார். “உள்நோக்கம் என்னங்க உள்நோக்கம்? கண்டதையும் உள்ள விட்டா, பேங்க் கணக்கு வரைக்கும் உருவிட்டுப் போயிருவான். கம்பெனி தடுக்குது. பெத்த தகப்பன் மாதிரி.”

“அம்புட்டு அக்கறைன்னா போட்டி மேப்ப மட்டும் ஏன் தடுக்குறான்? ஊர ஏமாத்துற சீட்டாட்ட ஆப்பெல்லாம் ஜோரா வருதே.”

“நான் பாத்திரக் கடை வச்சிருக்கேன். பக்கத்துக் கடைக்காரன் குடத்த என் கடையில வச்சு விக்க விடுவேனா?”

“விட வேணாம். ஆனா காசு குடுத்து வாங்கிட்டுப் போன குடத்துல எந்தக் கெணத்துத் தண்ணிய ஊத்தணும்னு நீங்க சொல்லலாமா?”

மிக்கேல்ராஜுக்கு உறைத்தது. “கெட்ட தண்ணின்னா சொல்லித்தான ஆகணும்?”

“ஊர்ல உள்ள கெணறெல்லாம் கெட்டுப்போச்சு, உங்க கெணறு மட்டும் நல்லாருக்கு. அப்படித்தான?”

“எங்க கெணத்தப் பத்திப் பேசாதீக” என்று மிக்கேல்ராஜ் எழுந்துவிட்டார். அவருக்குக் கிணறே கிடையாது.

மரியசெல்வமும் எழுந்தார். டோனி கண்ணை மூடிக்கொண்டான்.

அப்போதுதான் பெண் லிடியா காப்பித் தட்டோடு வந்தாள். முறைத்துக்கொண்டு நின்ற இரண்டு அப்பாக்களுக்கும் நடுவே தட்டை நீட்டினாள். ஆளுக்கொரு டம்ளரை எடுத்தார்கள். சுடச்சுடக் காப்பியைப் பிடித்துக்கொண்டு சண்டை போட முடியாமல் இருவரும் உட்கார்ந்தார்கள்.

“ரெண்டுந்தான் இருக்கும்” என்றாள் லிடியா. “பாதுகாப்புன்னு நெசமா நெனச்சேகூடக் கதவச் சாத்தியிருப்பாக. சாத்துனதுல யாவாரமும் நல்லா நடக்குதுன்னா, பொறவு எவன் தொறப்பான்?”

டோனி கண்ணைத் திறந்தான். “அப்ப நம்ம என்னதான் பண்றது?”

“ஆப்ப ஏன் தேடுறீக? பிரவுசர்ல போயி அந்த மேப்பத் தொறங்க, வரும். நான் அப்படித்தான் பாக்குறேன். என்னுதும் இதே போனுதான்.”

டோனி தட்டிப் பார்த்தான். “வந்துருச்சு” என்றான், மேப்பைப் பார்க்காமல் அவளைப் பார்த்தபடி. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

“பாத்தீகளா, பாதுகாப்புன்னு எம் மருமகளே சொல்லிருச்சு” என்றார் மிக்கேல்ராஜ். “யாவாரம்னும் சொன்னாள்ல சம்பந்தி” என்றார் மரியசெல்வம். இருவரும் ஜெயித்துவிட்டதால் சிரித்தார்கள். சகாயசெல்வி தாமதிக்கவில்லை, பையிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய் லிடியாவின் தலையில் வைத்துவிட்டு வந்தாள்.

கேசரி வந்தது. மிக்கேல்ராஜ் முதல் வாய் எடுக்கும்போது போன் அடித்தது. தெரியாத நம்பர். கையில் நெய் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார்.

“ஐயா, மன்னிக்கணும். நீங்க இனிமே வர வேணாம்னு சொல்லத்தான் கூப்ட்டேன்” என்றது ஒரு சங்கடமான குரல். “இதே ஊர்ல வேற வீட்டுக்குப் பொண்ணு பாக்கப் போன ஒரு தம்பி, குடும்பத்தோட வழி மாறி இங்க வந்துட்டாரு. அவரு போன்லயும் ஏதோ மேப்பத் தடுத்துட்டாகளாம். அதப் பத்திப் பேச்சு வளந்து, எங்க பாப்பாவுக்கு அவரப் புடிச்சுப்போச்சு. இப்பத்தான் பூ வச்சாக.”

மிக்கேல்ராஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதிரே உட்கார்ந்து கேசரி தின்றுகொண்டிருந்த மரியசெல்வத்தைப் பார்த்தார்.

“நீங்க யாருங்க பேசுறது?”

“நாந்தாங்க, பொண்ணோட அப்பா.”